புள்விருந்தும் அடிநிலமும்

உண்பதற்கு முன்னர் ஒரு பிடி சோற்றைக் காக்கைக்கு வைத்தல் தமிழ்நாட்டு இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அடுப்பிலிருந்து இறக்கிய சோற்றிலே சிறிது பருப்பும் நெய்யும் சேர்த்துக் கொல்லைச் சுவரின்மேல் வைத்து, 'கா, கா' என்று அழைத்த பின்னரே வீட்டார் இலையின்முன் அமர்வர். அமாவாசையன்றும், முன்னோர்க்குரிய பிற நாள்களிலும் இவ்வழக்கத்தைத் தவறவிடுதல் இல்லை. பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்கும் பெண்டிர், மஞ்சள் இலைகளை விரித்து, வெண்சோறும் மஞ்சட்சோறும் செஞ்சோறுமாகப் பல நிறச் சோற்றுருண்டைகளை வரிசையாக இட்டு, உடன்பிறந்தார் நலம் வேண்டிப் புள்ளினங்களை அழைப்பர். இவ்வளவு ஏன்? வைகறையில் வாயிலில் இடும் அரிசிமாக் கோலங்கூட எறும்புக்கும் சிட்டுக்குருவிக்கும் இட்ட உணவே அன்றோ!

பறவைக்கு உணவிடுதலைப் பண்டைப் புலவரும் போற்றினர். பிரிந்து சென்ற தலைவன் மீண்டு வந்தபோது, அவன் தலைவியை ஆற்றியிருக்கச் செய்த தோழியைப் பாராட்டினான். தோழியோ அப்புகழைத் தான் ஏற்றுக்கொள்ளாமல், விருந்து வரும் என்று கரைந்து தலைவிக்கு நம்பிக்கையூட்டிய காக்கைக்கே அதனை உரியதாக்கினாள். நெய்யுடன் கலந்த வெண்ணெற்சோற்றை ஏழு கலங்களில் ஏந்திக் கொடுத்தாலும் அக்காக்கைக்கு அது சிறிதே என்றாள். குறுந்தொகையில் உள்ள இச்செய்யுளைப் பாடியவர் நச்செள்ளையார் என்னும் புலவர் பெருமாட்டியார். காக்கையைப் பாடிய சிறப்பினாலே அவர் காக்கைபாடினியார் என்னும் அடைமொழி பெற்றார்.

ஏழு கலச் சோறும் காக்கையின் வாய்க்குள் செல்லுமோ என்று தோழி எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவளுக்கு இருந்திலது. ஆனால் இக்காலத்தில் சிறு மனைகளில் வாழும் இல்லத்தார் அதனை எண்ணியே ஆகவேண்டும். பறவைக்கு இடும் உணவில் ஒரு பகுதியே அதன் வயிற்றை அடைகின்றது. மற்றைப் பகுதி நிலத்தில் வீழ்கின்றது. காக்கை பெரிய கவளத்தைக் கவ்விக்கொண்டு பறக்கும்போது பாதியை உதிர்க்கும். கிளியோ வீண் செலவு செய்வதில் பெயர்பெற்றது. ஒரு கதிரைக் கொய்து இரண்டு மணியைத் தின்று எஞ்சியதை எறிந்துவிட்டு, அடுத்த கதிருக்குத் தாவும். அணில் வந்தால் தட்டையே கவிழ்த்துவிடும். இவற்றோடு உமியும், எச்சமும், இறகும் சேரும். உணவை ஏந்தி நிற்கும் சுவரையும் தட்டையும் யாவரும் நோக்குவர். அவற்றின் கீழே கிடக்கும் நிலத்தை நோக்குவார் அரியர். விருந்தின் நலமும் தீங்கும் பெரும்பாலும் அந்நிலத்திலேதான் விளைகின்றன.

நம் முன்னோர் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கோயிற் பலிபீடம் சான்று. பலியாக இடும் சோறு மண்மேல் இடப்படுவதில்லை. உயர்ந்த கற்பீடத்தின்மேல் இடப்படுகின்றது. அதனைக் காக்கையும் அணிலும் தின்றபின் ஒரு குடம் நீரில் கல் தூய்மையாகிவிடும். செங்கற்பட்டு மாவட்டத்துத் திருக்கழுக்குன்றத்திலும் இவ்வாறே இருந்தது. அவ்வூர் மலைமீது நண்பகலில் பூசகர் ஒருவர் பாறையில் அமர்ந்து சர்க்கரை கலந்த சோற்றை வைத்துக்கொண்டு காத்திருப்பார். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் உடைய பாறு என்னும் கழுகினத்துப் பறவைகள் இரண்டு வந்து, அவர் கையருகே நின்று உண்டு செல்லும். இக்காட்சியைக் காணப் பல நாட்டாரும் வந்தனர். பட்சிதீர்த்தம் என்றே அவ்வூருக்கு ஒரு பெயர் வழங்கலாயிற்று. கடந்த நூற்றாண்டின் இறுதியில் அப்பறவைகளின் வருகை நின்றுபோயிற்று. எனினும் அவற்றுக்கு உணவிட்ட இடம் வெயிலும் மழையும் கழுவும் வெறும் பாறை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இனிச் சென்னைக்குத் தெற்கேயுள்ள தாம்பரம் பகுதியைக் காண்போம். 1931-ஆம் ஆண்டில் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. 1937-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெருக்கத்தை விட்டுச் சேலையூர்க் காட்டுப்பகுதிக்கு இடம்பெயர்ந்தது. வேதியியற் பேராசிரியராக இருந்த எட்வர்டு பார்ன்சு அவ்வளாகத்தின் செடிகொடிகளில் மிக்க ஈடுபாடு காட்டினார். வேதியியல் கற்பித்தவர் மரங்களைப் பேணியதில் வியப்பில்லை. மண்ணும் ஒரு வேதியியற்கூடமே. இன்றும் அவ்வளாகத்துப் புதர்க்காடு பறவைகளுக்குப் புகலிடமாக உள்ளது. நன்மங்கலத்துக் காப்புக்காடும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலமும் அதற்கு அணித்தே இருக்கின்றன. இவற்றுக்கிடையே குரோம்பேட்டை, செம்பாக்கம், இராசகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், முடிச்சூர் என மனைகள் பெருகின. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம் முதலிய நகராட்சிகளையும் பேரூராட்சிகள் சிலவற்றையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டது. முன்னர்க் கிணறும் வேம்பும் வாழையும் இருந்த கொல்லைகள் பல இன்று பத்தடி அகலத்து ஒடுங்கிய சந்துகளாகிவிட்டன. ஆயினும் சோறு வைக்கும் கை ஓயவில்லை. அழைப்புக்கு வரும் பறவையும் ஓயவில்லை.

இத்தகைய மனையொன்றை மனத்திற் கொள்க. வீட்டுக்குப் பின்னே ஒரு வேம்பு. அதன் கிளையில் தானியத்தட்டு ஒன்று தொங்குகின்றது. மதிற்சுவரின்மேல் காலைச் சோறு. பாட்டியார் நாள்தோறும் சோறு வைக்கின்றார். பெயரன் தட்டை நிரப்புகின்றான். மாலையில் எஞ்சியதையும் கீழே வீழ்ந்ததையும் எவரும் அகற்றுவதில்லை. 'ஏதேனும் ஓர் உயிர் உண்ணட்டும்' என்பது பாட்டியாரின் எண்ணம். எண்ணம் நல்லதே, ஆனால் இரவில் வந்து உண்ணும் உயிர் எது? எலியும் பெருச்சாளியும். பகலில் பறவைக்கு வைத்த விருந்து இரவில் அவற்றின் விருந்தாகின்றது. பெருச்சாளி மதிலின் அடியைக் குடைந்து வளை தோண்டும். எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். சில வேளைகளில் நல்லபாம்பும் வரும். ஐப்பசி கார்த்திகையில் மழைநீர் அவ்வளைகளின் மேல் தேங்கும்போது பெருந்தீங்கு நேர்கின்றது. எலியின் சிறுநீரில் வாழும் ஒருவகை நுண்ணுயிர் அந்நீரில் கலந்திருக்கும். காலில் கீறலோ புண்ணோ உடைய ஒருவர் செருப்பின்றி அதில் நடந்தால், அது உடலுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்கும். தொடக்கத்தில் வெறும் காய்ச்சலும் உடல்வலியுமாகத் தோன்றும் அந்நோய், மருத்துவம் தாழ்க்குமாயின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கி உயிருக்கே இறுதி விளைக்கவும் கூடும்.

பறவைகளுக்கும் அவ்விடம் நலந்தருவதாக இல்லை. ஈரமண்ணில் கிடக்கும் தானியத்தில் பூஞ்சணம் படர்கின்றது. அதனை மூச்சில் ஈர்க்கும் பறவையின் நுரையீரல் கெடும். நோயுற்ற புறா கக்கிய மணியை மற்றொரு புறா பொறுக்கும்போது, தொண்டையிற் புண் உண்டாக்கும் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவும். தட்டின்கீழ் அடர்ந்து வளர்ந்த செடியில் பூனை பதுங்கியிருக்கும். நிலத்தில் மணி பொறுக்கும் புள்ளிப்புறா தலையைத் தாழ்த்தும் நொடியே அதற்குப் போதும்.

இவ்வாறு தீங்கு கண்ட இல்லத்தார் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்கின்றனர். சிலர் சோறிடுவதையே நிறுத்திவிடுவர். அறுபது ஆண்டு பழகிய கை ஒருநாளில் வெறுங்கையாகும்போது பாட்டியாருக்கு நேரும் வருத்தத்தை அவர்கள் எண்ணுவதில்லை. வேறு சிலர் கொல்லை முழுவதையும் சிமிட்டியால் மூடிவிடுவர். இதுவே மிகவும் பிழைபட்ட வழி எனலாம். சிமிட்டி பூசிய தரையில் மணி மறையாது என்பது உண்மைதான். ஆனால் கோடையில் அத்தரை அடுப்புக்கல் போலக் காயும். மழை நீர் உள்ளே இறங்காமல் தெருவுக்கு ஓடும். 2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு கரைபுரண்டு முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அவ்வளவு பெருமழையை ஒரு கொல்லை மண் தாங்கிவிடும் என்று கூறுவது மிகையே. எனினும் ஆண்டுதோறும் பெய்யும் அளவான மழையை உறிஞ்சிக் கிணற்றுக்குத் தருவது மூடாத மண்ணே. வீடுதோறும் மழைநீர் சேமித்தலை 2003-ஆம் ஆண்டில் அரசு கட்டாயமாக்கியதும் இக்கருத்துப் பற்றியே.

ஆயின் செய்யத்தக்கது யாது? நிலம் முழுவதையும் மூடுதலும் வேண்டா. முழுவதையும் அப்படியே விடுதலும் வேண்டா. பலிபீடத்தைப் பின்பற்றுதல் போதும். உணவு வீழும் இடத்தில் மட்டும் மூன்று அடி அல்லது நான்கு அடிச் சதுரமான கடப்பைக்கல் ஒன்றையோ, மலைக்கற் பலகையையோ பதித்தல் வேண்டும். பல்லாவரத்து மலைக்கல் மிக உறுதியானது. 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் பழங்கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்ததும் அப்பல்லாவரத்திலேதான். அவ்வூர் மலைப்பாறை வகைக்குச் சார்னோக்கைட்டு என்று பெயர். கல்கத்தாவில் உள்ள சாப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக்கல் அவ்வகைப் பாறையால் ஆனமையின் அப்பெயர் அமைந்தது. எங்கோ ஒருவர் கல்லறைக்கு இட்ட கல்லின் பெயர் நம்மூர் மலைக்கு வந்தது விந்தையே; அது நிற்க.

பதிக்கும் கல் நிலமட்டத்திற்கு இரண்டு விரற்கடை உயர்ந்தும், ஒருபுறம் சற்றே சாய்ந்தும் இருத்தல் வேண்டும். அதன் கீழே ஒரு சாண் ஆழத்திற்குச் சரளையை இட்டு இறுக்கினால், எலி அடியிற் புகுந்து வளை தோண்டுவது அரிதாகும். கழுவிய நீரும் தேங்காது இறங்கும். மாலை வெயில் மங்குமுன் கல்லைக் கூட்டி, எஞ்சிய மணியையும் உமியையும் அள்ளி, எருக்குழியில் இட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். வாரத்திற்கு இருமுறை வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் காயவிட்டு, பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் நன்று. எல்லாவற்றினும் சிறந்தது, உச்சிப்பொழுதிற்குள் தின்று தீரும் அளவே உணவு வைத்தல். மாலையில் மிஞ்சுமாயின் மறுநாள் ஒரு பிடி குறைக்கலாம். பாட்டியாரின் காலைச் சோறு ஒரு பிடியே. அதனால் எக்காலத்தும் தீங்கு விளைந்ததில்லை. தீங்கு, பெயரன் விளிம்பு வரை நிரப்பிய தட்டினால் வந்தது.

கல்லைச் சுற்றிப் பத்தடி தொலைவு வரை உயர்ந்த செடி இருத்தலாகாது. அவ்வளவு வெளி இருந்தால்தான் பூனை பாயுமுன் பறவை கண்டு எழும்ப இயலும். அவ்வெளியை வெறுமையாக விடவும் வேண்டுவதில்லை. பொடுதலை இதற்கு மிகவும் ஏற்றது. தரையோடு படர்ந்து, மிதியைத் தாங்கி, சிறு வெண்பூப் பூக்கும் அப்பூண்டு இப்பகுதியின் ஈரநிலங்களில் தானே முளைப்பது. விலைகொடுத்து வாங்கும் புல்தரையைப் போல நாள்தோறும் நீர் கேளாது. அறுகும் நன்றே. கல்லினின்றும் தெறித்து வீழ்ந்த கம்பும் தினையும் இடையிடையே முளைக்கும். அவற்றைக் களை என்று பிடுங்கிவிடுவோர் உளர். பத்துப் பன்னிரண்டு தாள்களை விட்டுவைத்தால், கதிர் முற்றும்போது சிட்டுக்குருவி தாளிலேயே தொங்கி உண்ணும் அழகைக் காணலாம்.

ஓரிடத்தில் இரண்டடி அளவுக்கு எதனையும் நடாது நுண்மணலும் புழுதியுமாக விடுதல் வேண்டும். சிட்டுக்குருவிகள் இறகிடையே உள்ள பேன்களைப் போக்கப் புழுதியிற் குளிப்பவை. தானியம் கிடைத்தும் புழுதி கிடையாத ஊரில் அவற்றுக்குக் குறையுண்டு. நீர்க்கலத்தை உணவுக்கல்லினின்றும் விலக்கி வைத்தலே முறை. இன்றேல் எச்சமும் உமியும் அதில் வீழும். கொசு முட்டையிடாதிருக்க அந்நீரை நாள்தோறும் மாற்றுதல் இன்றியமையாதது.

பத்தடிக்கு அப்பால் செடியும் மரமும் வரலாம், வருதல் வேண்டும். 2016-ஆம் ஆண்டு திசம்பர் 12-ஆம் நாள் வீசிய வர்தா புயலில் சென்னையிலும் அதன் தென்புறத்தும் எண்ணற்ற மரங்கள் வீழ்ந்தன. அன்று வீழ்ந்த மரங்களின் இடம் பல மனைகளில் இன்னும் வெறுமையாகவே கிடக்கின்றது. அவ்விடத்தில் வேம்பையோ புங்கையோ நடுதல், இரும்புத்தட்டு நூறு தொங்கவிடுவதினும் மேலான விருந்து. கோடையில் வேப்பம்பழம் பழுக்குங்கால் காக்கையும் மைனாவும் குயிலும் அழையாமலே வரும். கறிவேப்பிலைச் செடியைச் சமையலுக்காக ஓயாது மொட்டையடிக்காமல் ஒன்றைக் காய்க்க விட்டால், அதன் கரும்பழத்திற்குக் கொண்டைக்குருவி வரும். வெட்சியும் செம்பருத்தியும் தேன்சிட்டை அழைக்கும். உண்ணிச்செடியை மட்டும் நடலாகாது. பூவும் பழமும் நிறைந்து பறவையை ஈர்ப்பதுபோலத் தோன்றினும், அஃது அயல்நாட்டினின்றும் வந்து நம் காடுகளில் மற்றைச் செடிகளை நெருக்கி அழிப்பது. பறவையே அதன் விதையைக் கொண்டு சென்று பரப்பிவிடும்.

அம்மரங்களின் அடியில் உதிரும் சருகே இப்பாடத்தின் இறுதிச் செய்தி. தூய்மை விரும்பும் இல்லத்தார் விடியற்காலையில் சருகைக் கூட்டிக் குவித்துத் தீயிடுவர். உணவுக்கல்லைத் தூய்மையாக வைத்தல் எவ்வளவு தேவையோ, மரத்தடிச் சருகை அப்படியே விடுதல் அவ்வளவு தேவை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணி இரண்டையும் கூட்டுவோரும், இரண்டையும் கூட்டாதோரும் ஒருங்கே பிழை செய்கின்றனர். நிழலில் நான்கு விரற்கடைச் சருகு கிடந்தால் அதனடியில் மண்புழுவும், வண்டும், கறையானும், நத்தையும் பெருகும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து, ஓயாது சண்டையிடுவோர் போலக் கத்திக்கொண்டே, இலையைப் புரட்டிப் புரட்டி அவற்றைப் பிடிக்கும். அவற்றுக்கு ஒருவர் சோறிட வேண்டுவதில்லை. நிலமே இடுகின்றது.

அதே சருகை நாடி மற்றொரு விருந்தாளியும் வருவதுண்டு. புரட்டாசி, ஐப்பசித் திங்கள்களில் வடநாட்டினின்றும் இரவிலே பறந்து தெற்கே வரும் ஆறுமணிக்குருவி, மைனாவைவிடச் சிறியது, குட்டை வாலுடையது. முதுகு பசுமை, இறக்கையில் நீலம், வாலின் அடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே மை தீட்டினாற்போல ஒரு கருங்கோடு. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்கு இருமுறை சீழ்க்கையடித்தாற்போலக் குரல் கொடுப்பதால் அப்பெயர் பெற்றது. நெடுந்தொலைவு பறந்து களைத்த அப்பறவை சில ஆண்டுகளில் சென்னை வீடுகளின் முற்றத்திலும், கூடத்திலுங்கூட வந்து வீழ்ந்து கிடப்பதுண்டு. அதனைக் கண்டவர் கூண்டிலடைக்காமல், காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, களைப்பு நீங்கியபின் அந்தியில் மரத்தடியில் விட்டுவிட வேண்டும். சோறும் தானியமும் அதற்கு உணவல்ல. புழுவும் பூச்சியும் தேடி, சருகின்மேல் தத்தித் தத்தி நடந்து, நின்று, தலையைச் சாய்த்து நோக்கி, இலையை ஒதுக்கி உண்ணும். கூட்டி எரித்த கொல்லையில் அஃது ஒரு நாளும் தங்காது.

ஆதலின் புரட்டாசி பிறக்குமுன் உணவுக்கல்லின் சாய்வைச் சரிபார்த்து, எலிவளை இருப்பின் அடைத்து, வேம்பின் அடியில் சருகைப் பரப்பி வைத்தல் இப்பகுதி இல்லத்தார் மேற்கொள்ளத்தக்க பணியாகும். காலையில் பாட்டியார் சுவரின்மேல் ஒரு பிடி வைத்து அழைக்கும்போது காக்கை வரும். அந்தியில் அவர் விளக்கேற்றும் நேரத்தில் மரத்தடியிலிருந்து அச்சீழ்க்கை இருமுறை கேட்கக்கூடும்.